பிறைக்குடி வானொலியின் இரைச்சல்

நிலாவில் குடியிருக்கிறோம் என்று பெருமையடித்துக்கொள்கிறவர்களை வானொலியைப் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். அப்புறம் வாயே திறக்க மாட்டார்கள். பாறைக்கு அடியில் சுரங்கம் சுரங்கமாகக் குடைந்து, தெரு, கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று ஒரு குறையும் வைக்காமல் பிறைக்குடி என்ற ஊரைக் கட்டினார்கள். காதுக்கு மட்டும் ஓர் ஏஎம் வானொலியைக் கொடுத்துக் கைகழுவிவிட்டார்கள். பாட்டுப் போட்டால் பாதி பாட்டு, பாதி கர்ர்ர். பாடுவது ஆணா பெண்ணா என்று தெரிவதற்குள் பல்லவி முடிந்துவிடும்.

தெய்வானை அங்கே வந்து இறங்கிய அன்று, கணவனின் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

“ஏங்க, ராக்கெட்டு விட்டு ஆளைக் கொண்டாந்து எறக்கத் தெரியுது. ஒரு பாட்டை ஒழுங்காக் கேக்க வக்கில்லையா?”

தவசி சிரித்தான். “இங்க எங்க திரும்புனாலும் பாறை. மத்த அலையெல்லாம் முட்டிக்கிட்டு நின்னுரும். ஏஎம் அலை ஒண்ணுதான் காத்துக் குழாயையும் தண்டவாளத்தையும் புடிச்சுக்கிட்டே ஊர் பூரா நடந்து போகும். போற வழியில உள்ள கண்ட கண்ட சத்தமும் அதுமேல ஒட்டிக்கிருது.”

“சரி, அமத்தி வைங்க அந்தச் சனியனை.”

“அமத்தக் கூடாது. சட்டம். எங்கயாவது காத்துக் கசிஞ்சா இதுலதான் சொல்வாங்க. சத்தத்தைக் கொறைச்சுக்கலாம், அவ்வளவுதான்.”

“நான் வந்துட்டேன்ல. பாத்துக்கிறேன்” என்றாள் தெய்வானை.

வெறும் வாய்ச்சவடால் இல்லை. அவள் ஒலிப் பொறியாளர். அந்த வானொலியைச் செம்மைப்படுத்தத்தான் அரசு அவளைத் தற்காலிகப் பணியில் அனுப்பியிருந்தது. பூமியிலிருந்து நடத்தும் ஒலித் தரச் சோதனையில் பிறைக்குடி வானொலி தேறிவிட்டால் அவளுக்கு அங்கேயே நிரந்தரப் பணி. தேறாவிட்டால் அடுத்த கப்பலில் மூட்டை கட்ட வேண்டியதுதான். 

அவளுக்கு அந்த வேலைமேல் இருந்த ஆசை வானொலிமேல் வந்த ஆசை அல்ல. கல்யாணமான நாளிலிருந்து அவளை ஓர் ஊருக்கும் அவனை ஓர் ஊருக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அவள் திருச்சிக்கு வந்தால் அவன் தூத்துக்குடிக்குப் போனான். தூத்துக்குடிக்கு அவள் மாற்றல் வாங்குவதற்குள் அவனை நிலாவுக்கே அனுப்பிவிட்டார்கள், காற்றுப் பம்பு ஓட்டுகிற வேலைக்கு. அவன் போயே ஆறு வருஷம் ஆயிற்று. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது. இந்தத் தடவை விடுவதில்லை என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

சொன்னபடி செய்தும் காட்டினாள். நகத்தளவு சில்லு ஒன்றை உருவாக்கி ஒவ்வொரு வானொலியிலும் பொருத்தினாள். ஸ்டூடியோவிலிருந்து கிளம்பிய ஒலியை மட்டும் விட்டுவிட்டு, வழியில் ஒட்டிய இரைச்சலையெல்லாம் அது சலித்துத் தள்ளிவிடும். அதற்கு அவள் வைத்த பெயர் நீளமானது, யாருக்கும் வாயில் நுழையவில்லை. ஊர் அதைச் சல்லடை என்றே கூப்பிட்டது.

சல்லடை வேலை தொடங்கிய அன்று மஸ்தான் பாய் டீக்கடையில் நிற்க இடமில்லை. மாலைப் பாட்டு ஆரம்பித்தது. மிருதங்கத்தில் விரல் படுவது வேறாகவும் உள்ளங்கை படுவது வேறாகவும் கேட்டது. பாட்டு முடிந்து, அறிவிப்பாளர் எஸ்தர் பேச வந்தாள். பேசுவதற்கு முன் அவள் எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது. கூட்டம் கைதட்டித் தீர்த்துவிட்டது. எச்சில் விழுங்கிக் கைதட்டு வாங்கிய அறிவிப்பாளர் இரண்டு உலகத்திலும் எஸ்தர் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பிறைக்குடி ஆணையர் திருவேங்கடம் நேரிலேயே வந்து கைகுலுக்கினார். உருண்டையான மனிதர், உற்சாகம் வந்தால் நெற்றி வியர்த்துவிடும். “இரைச்சல் அறவே இல்லைன்னு பூமிக்கு இப்பவே எழுதிடறேம்மா. சோதனை எல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம்” என்றார். அன்று வீடு திரும்பும்போது தெய்வானைக்குக் கால் தரையில் பாவவில்லை. நிலாவில் யாருக்குமே பாவாது என்பது வேறு விஷயம்.

ஒரு வாரம் போயிருக்கும். ஊர் சிடுசிடுக்க ஆரம்பித்தது.

காரணமே இல்லாத சண்டைகள். பள்ளிக்கூடத்தில் மத்தியானத் தூக்கம் போடுகிற குழந்தைகள் தூங்காமல் வீறிட்டன. எந்த வம்புக்கும் போகாத கணக்கு வாத்தியார் பக்கத்து வீட்டுக்காரர்மேல் டம்ளரை எறிந்தார். ஆஸ்பத்திரியில் தூக்க மாத்திரை தீர்ந்துபோயிற்று. யாரும் வானொலியைக் குறை சொல்லவில்லை. சொல்லப்போனால் ஊரில் உருப்படியாக இருப்பது அது ஒன்றுதான் என்று புகழ்ந்தார்கள்.

மஸ்தான் பாய்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னார்.

“சவுண்டு அம்சமா இருக்கும்மா. குத்தம் சொல்ல நாக்கு வராது. ஆனா கடைக்கு வர்றவன் ஒருத்தனும் உக்கார மாட்டேங்குறான். நின்னுக்கிட்டே குடிக்கிறான், கூரையப் பாக்குறான், போயிர்றான்.”

“கூரையில என்ன பாய் இருக்கு?”

“ஒண்ணும் இல்ல. எனக்கும் பாக்கணும் போலத்தான் இருக்கு. ஏன்னு தெரியலம்மா.”

எஸ்தர் சொன்னது இன்னும் மோசம். “அக்கா, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல கொஞ்சம் நிறுத்துவேன்ல? அப்ப வானொலியில ஒரு அமைதி வருது பாருங்க, கிணத்துக்குள்ள எட்டிப் பாக்குற மாதிரி இருக்கு. பயந்துபோய் நிறுத்தாமப் பேசிட்டே இருக்கேன். தொண்டை கட்டிப் போச்சு.”

தெய்வானை யோசித்துப் பார்த்தாள். பாட்டு சரியாக இருக்கிறது, பேச்சு சரியாக இருக்கிறது. அப்படியானால் கோளாறு கொடுத்ததில் இல்லை, எடுத்ததில் இருக்க வேண்டும். சல்லடை தள்ளிவிட்ட இரைச்சலை மட்டும் தனியாகப் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டாள். பற்றவைப்பு வேலையின் படபடப்பு ஒன்று இருந்தது, அதை நீக்கினாள். சரக்கு வண்டியின் கடகடப்பை நீக்கினாள். விளக்குகளின் கீச்சையும் நீக்கினாள். எல்லாம் போன பிறகும் அடியில் ஒன்று மிஞ்சி நின்றது. ம்ம்ம்ம் என்று, ஏறாமல் இறங்காமல், யாரோ தொட்டிலை ஆட்டிக்கொண்டு முனகுவதுபோல.

வேலை முடிந்து அவளைக் கூட்டிப்போக வந்த தவசி வாசலிலேயே நின்றுவிட்டான்.

“இது நம்ம பம்புல்ல? அந்தா, மூணாம் நம்பர் லேசா இழுக்குது பாரு.”

“பம்பா? பம்பு ஹவுஸ் எங்க, ஊர் எங்க? நடுவுல அவ்வளவு பாறை. அதோட சத்தம் ஊருக்குள்ள கேக்காதேங்க.”

“நேரா கேக்காது. மோட்டார் சத்தம் குழாயில ஏறுமே” என்றான் தவசி. சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான்.

அவளே முடித்தாள். “அதே குழாயைப் புடிச்சுக்கிட்டுத்தான் ஏஎம் அலையும் வருது. அமத்தக் கூடாதுன்னு சட்டம் வேற. ஐயோ, இந்த ஊர்ல இருக்குற அத்தனை பேரும் காத்துப் பம்பு மேல காதை வச்சுக்கிட்டே தூங்கியிருக்காங்க. அவங்களுக்கே தெரியாது. காத்து வருது, வருதுன்னு அது சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. நான் போயி அதை அள்ளிக் குப்பையில கொட்டிட்டேன்.”

“எனக்கும் ஒரு வாரமாத் தூக்கம் இல்ல தெய்வா. நீ வருத்தப்படுவேன்னு சொல்லல” என்றான் தவசி.

மறுநாள் காலையிலேயே அவள் ஆணையர் முன்னால் நின்றாள். வழி எளிதாகத்தான் இருந்தது. மற்ற இரைச்சலைத் தள்ளி, பம்பு இரைச்சலை மட்டும் கொஞ்சமாக உள்ளே விடும்படி சல்லடையை மாற்றினால் போதும். 

திருவேங்கடம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அவர் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம் விழுந்திருந்தது.

“நீ சொல்றது நியாயம்தாம்மா. ஆனா சோதனை போடுற மிஷினுக்கு நியாயம் தெரியாதே. ஸ்டூடியோவிலேர்ந்து கிளம்பாத சத்தம் எதுவா இருந்தாலும் அதுக்கு இரைச்சல். இரைச்சல் இருந்தா ஃபெயில். நீ ஃபெயிலானா உன் போஸ்ட்டை நான் எப்படிக் காப்பாத்துவேன்?”

“அப்ப ஊரு தூங்காம சாகட்டுமா சார்?”

“யாரு சாகச் சொன்னது? அந்த ம்ம்ம்மைப் பதிவு பண்ணிக்கோ. ஸ்டூடியோவிலேர்ந்து பாட்டுக்கு அடியில ஓடவிடு. அப்ப அது இரைச்சல் இல்ல, நிகழ்ச்சி! மிஷினும் மார்க்குப் போடும், ஊரும் தூங்கும், உனக்கு நிரந்தர ஆர்டர் என் கையாலயே தர்றேன்.”

தெய்வானைக்கு வாயெல்லாம் பல். இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று தலையில் குட்டிக்கொண்டாள். அன்றே பம்பின் முனகலைப் பதிவு செய்தாள். ஊருக்கு விடுவதற்கு முன்னால் வீட்டில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று எடுத்து வந்து, வீட்டு வானொலி வழியாக மெல்ல ஓடவிட்டாள்.

காலை ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டு எழுந்த தவசி, தலையணையில் தலை வைத்ததுதான் தெரியும். குறட்டை. ஒரு வாரத் தூக்கத்தையும் வட்டியோடு வாங்கிக்கொள்வதுபோலத் தூங்கினான். உதட்டில் சிரிப்பு வேறு. தெய்வானைக்கு அவனைப் பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை. இனி இந்தக் குறட்டையைத் தினமும் கேட்கலாம் என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது.

பதிவும் அசலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க, அசல் பம்பின் ஒலியை அவள் காதில் மாட்டிய ஹெட்போனில் ஓடவிட்டிருந்தாள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தன. திடீரென்று காதில் இருந்தது நின்றது.

பதறிப்போய் நாட்காட்டியைப் பார்த்தாள். பம்புகளை நிறுத்திக் கழுவுகிற நாள் அன்று. வாரம் ஒருமுறை நடப்பதுதான், கொஞ்ச நேரத்தில் திரும்ப ஓட்டிவிடுவார்கள். மூச்சு திரும்பி வந்தது. வந்த மூச்சு அப்படியே நின்றது.

அவள் காதில் பம்பு நின்றிருந்தது. மேசைமேல் இருந்த வானொலியில் அது ஓடிக்கொண்டிருந்தது. பம்பில் சின்ன மாற்றம் என்றாலும் தூக்கத்திலேயே எழுந்து உட்கார்ந்துவிடுகிற மனிதன், சிரித்த முகம் மாறாமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

தெய்வானை வானொலியின் சத்தத்தைச் சடாரென்று குறைத்துவிட்டு, அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். விழித்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதித் தூக்கத்திலேயே சட்டையைத் தேடினான்.

“என்னாச்சு? பம்பா?”

“பம்பு நின்னுருச்சு. உங்களுக்குத் தெரியல.”

அவன் மணியைப் பார்த்தான், நாட்காட்டியைப் பார்த்தான், உட்கார்ந்தான். “கழுவத்தான் நிறுத்தியிருக்காங்க. இதுக்கா இப்படி எழுப்புவ?”

“கழுவ நிறுத்தாம, தானா நின்னிருந்தா?”

“அலாரம் இருக்குல்ல.”

“அலாரம் கெட்டுப்போயிருந்தா? நீங்க சிரிச்சுக்கிட்டே தூங்குனீங்க. ஊரே சிரிச்சுக்கிட்டே தூங்கும். ஒருத்தரும் முழிக்க மாட்டாங்க. நான் போட்ட சத்தம் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும்.” 

தவசி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “போட்டுரு தெய்வா.”

“என்ன சொல்றீங்க?”

“நீ சொல்றது எனக்குப் புரியாம இல்ல. உன்னைவிட எனக்கு நல்லாவே புரியுது. இருந்தாலும் சொல்றேன், போட்டுரு. நீ போயிட்டா மறுபடியும் தனியா ஆக்கித் தின்னுக்கிட்டு, செவுத்தைப் பாத்துக்கிட்டு என்னால கெடக்க முடியாது. சத்தியமா முடியாது.”

“என்னால மட்டும் முடியுமா?” தெய்வானை அழுதேவிட்டாள். “உங்க மூச்சு எனக்குப் பக்கத்துல கேக்கணும்னுதான் இத்தனை தூரம் வந்தேன். அந்த மூச்சு விஷயத்துலயே பொய் சொல்லிட்டு உங்க பக்கத்துல நான் எப்படிப் படுப்பேன்? சொல்லுங்க.”

அவன் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். இரண்டு டீ போட்டு, ஒன்றை அவள் கையில் கொடுத்தான். அதுதான் அவன் பதில் என்று அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் அவள் பதிவை அழித்தாள். அசல் பம்பின் முனகலை உள்ளே விடும்படி ஊரின் எல்லாச் சல்லடைகளையும் மாற்றினாள். எஸ்தரைக் கூப்பிட்டு, மாலைப் பாட்டுக்கு முன்னால் ஊருக்கு உண்மையைச் சொல்லச் சொன்னாள்.

“வணக்கம் நேயர்களே” என்றாள் எஸ்தர், கட்டிய தொண்டையோடு. “இப்போ பாட்டுக்கு அடியில லேசா ஒரு சத்தம் கேக்குதுல்ல? அது கோளாறு இல்ல. அது நம்ம காத்துப் பம்பு. இந்த நிமிஷம் ஓடிட்டு இருக்கு. இத்தனை வருஷமா உங்களைத் தூங்கவச்சது அதுதான்.” சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள். ம்ம்ம்ம் என்றது வானொலி. டீக்கடையில் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். மஸ்தான் பாய் நீண்ட பெருமூச்சு விட்டு, எல்லோருக்கும் இன்னொரு சுற்று டீ ஊற்றினார்.

ஊர் தூங்கியது. ஆணையர் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டார். 

“உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியேம்மா. நான் என்ன செய்வேன்?”

“பதிவைப் போட்டா, பம்பு நின்னாலும் நம்ம ஊரு சிரிச்சுக்கிட்டே தூங்கும் சார். நான் என் கண்ணால பாத்துட்டேன். அப்படித் தூங்குனவரு என் வீட்டுக்காரர்” என்றாள் தெய்வானை. திருவேங்கடம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

சோதனை நடந்தது. பிறைக்குடி வானொலியில் தொடர்ச்சியான இரைச்சல் இருப்பதாகவும், ஒலித் தரம் தேறவில்லை என்றும், தற்காலிகப் பொறியாளர் அடுத்த கப்பலில் திரும்ப வேண்டும் என்றும் பூமியிலிருந்து உத்தரவு வந்தது. தெய்வானை பெட்டியை எடுத்து வைத்தாள். தவசி அந்தப் பெட்டி இருக்கும் பக்கமே பார்க்காமல் வீட்டில் நடமாடப் பழகிக்கொண்டான்.

இதற்கிடையில் ஊரில் ஒரு புது வியாதி பரவியிருந்தது. சத்தம் எது என்று தெரிந்ததும் எல்லோரும் பம்பு நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். பம்பு ஹவுஸில் தொலைபேசி ஓயவில்லை. “மூணாம் நம்பருக்கு சளி புடிச்சிருக்கு போல, கவனிங்கப்பா” என்று கணக்கு வாத்தியார் சொன்னார். பிரித்துப் பார்த்தால் நிஜமாகவே உள்ளே உருளை தேய்ந்து, உடைகிற நிலையில் இருந்தது. அலாரம் மூச்சுக்காட்டவில்லை.

கப்பல் கிளம்ப இருந்த வாரத்தில் ஆணையர் கூப்பிட்டு அனுப்பினார். தெய்வானை போனபோது அவர் நெற்றி பளபளவென்று வியர்த்திருந்தது.

“உக்காரு. ஒலிப் பிரிவுல உன் போஸ்ட் ஒழிஞ்சது. அதுல என்னால ஒண்ணும் செய்ய முடியல. அதனால பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதினேன். காத்து ஓடுதான்னு காட்டுற கருவி எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு இருக்கு, அதோட பேரு வானொலி, அதுதான் அலாரத்துக்கு முன்னாடியே மூணாம் பம்பைக் காப்பாத்துச்சுன்னு. பாதுகாப்புக் கருவின்னு ஒப்புத்துக்கிட்டா அதைப் பராமரிக்க ஆள் போட்டே ஆகணும். அந்தப் பிரிவுல தற்காலிகமே கிடையாது, எல்லாம் நிரந்தரம்.”

பூமியிலிருந்து வந்திருந்த ஆணையை அவள் பக்கம் தள்ளினார். இரைச்சல் பராமரிப்புப் பொறியாளர் என்று போட்டிருந்தது. தெய்வானை இரண்டு தரம் படித்தாள்.

“இனிமே வானொலி சுத்தமாக் கேட்டா உனக்கு மெமோ வரும், ஜாக்கிரதை” என்றார் திருவேங்கடம். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் தொண்டையைச் செருமினார். “ஒரு சிக்கலும் இருக்கு. புருஷன் ஓட்டுற பம்பைப் பெண்டாட்டி கண்காணிக்கக் கூடாதாம். விதி. தவசியை அங்கேர்ந்து மாத்தியாகணும்.”

சிரிப்பு நின்றது. “எந்த ஊருக்கு சார்?”

“ஊருக்கா? இதே ஊருதான். தண்ணிப் பிரிவு. உங்க தெருவுக்கு அடுத்த தெரு.”

வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு ஒரு பக்கம் குதிக்க வேண்டும்போல இருந்தது, ஒரு பக்கம் நெஞ்சு கனத்தது. அந்தப் பம்புகளை அவன் எப்படிக் கொஞ்சுவான் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றின் குணத்தையும் பிள்ளைகளின் குணத்தைப்போலச் சொல்லுவான். தனியாக இருந்த வருஷங்களில் அவனுக்குப் பேச்சுத் துணை அவைதான். அவற்றைப் பிடுங்கிக்கொண்டு தான் உட்காருவதுபோல அவளுக்கு இருந்தது.

தவசி வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். அவள் முதலில் நிரந்தர ஆணையை நீட்டினாள். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு, மாற்றல் விஷயத்தைக் கடகடவென்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். 

அவன் கத்தியைக் கீழே வைத்தான். உள்ளே வானொலி மெல்ல முனகிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

“மூணாம் நம்பருக்குப் புது உருளை போட்டதுலேர்ந்து குரலு நல்லா இருக்குல்ல?” 

“மன்னிச்சுருங்க” என்றாள் தெய்வானை.

“எதுக்கு? தண்ணிப் பம்பு சத்தம் வானொலியில வருமா?”

“வராது. அந்தக் குழாயில அலை போகல.”

“அப்ப வேலை முடிஞ்சு வந்தா வீடுதான்.” அவன் கத்தியை எடுத்து அடுத்த அவரைக்காயை நறுக்கினான். “ஆறு வருசமா அதுகளோட குடித்தனம் பண்ணியாச்சு. இனிமேயாவது உன்கூடப் பண்றேன். அந்தப் பெட்டியை மொதல்ல பிரிச்சு வை, போ.”